மூஞ்சி தெரியாத கலாய்ப்பு: தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னை தண்டையார்பேட்டையில் நான் இப்போது வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. 2004-இல் இதே இடத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்தேன். ஆளுக்கொரு போன் வந்ததும் அது படுத்துவிட்டது. ஆனாலும் இன்டர்நெட் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் ஏரியா ஆட்கள் இங்கேதான் வருகிறார்கள். ஆதார் பிரிண்ட் எடுக்க வரும் ஆயாவும் கேட்பார், மீம் போட்டு அடி வாங்கிய காலேஜ் பையனும் கேட்பான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கலாம் என்று நினைப்பு. லேமினேஷன் நம் கடையிலேயே இருக்கிறது.

மீம் மீம் என்கிறார்களே, அப்படியென்றால் என்னப்பா?

கேட்டவர் ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர். சார், அந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் வடிவேலுவுக்கும் சம்பந்தமே இல்லை. 1976-இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற பிரிட்டன் உயிரியலாளர் உண்டாக்கியது. மரபணு உடம்பிலிருந்து உடம்புக்குப் போகிற மாதிரி ஒரு மெட்டு, ஒரு பழக்கம், ஒரு சொலவடை தலையிலிருந்து தலைக்குத் தாவுகிறது. தாவும்போது கொஞ்சம் மாறுகிறது. தாக்குப்பிடிப்பது பரவுகிறது, மற்றது செத்துப்போகிறது. இப்படித் தாவுகிற சரக்குக்கு அவர் வைத்த பெயர்தான் மீம். படமும் அதன் மேல் எழுத்தும் பிற்காலத்தில் இன்டர்நெட் ஒட்டவைத்தது.

படமே இல்லாத மீம் எங்கள் தெருவில் ஒன்று இருக்கிறது. கேரம் கிளப்பில் ஒருத்தர் கைக்கு வந்த ரெட் காயினை விட்டுவிட்டு, முகத்தை மாற்றாமல் "பவுடர் ஜாஸ்தி" என்றார். பழியைத் தூக்கி போர்டு மேல் போட்ட பவுடர் தலையில் வைத்துவிட்டார். அவ்வளவுதான், தெருவே பிடித்துக்கொண்டது. அரியர் வைத்த பையனைக் கேட்டால் "பவுடர் ஜாஸ்தி மாமா" என்கிறான். வண்டியைக் கொண்டுபோய் டிவைடரில் சாத்தியவனும் அதையே சொல்கிறான். பெண் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளை ஒருவர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே அதைச் சொன்னபோது அதற்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. பத்து வருஷமாக ஓடுகிறது. முதலில் சொன்னவர் வீடு மாறிப் போய்விட்டார், அந்த வார்த்தை போகவில்லை.

வடிவேலு இல்லாமல் தமிழில் மீம் போடவே முடியாதா?

போடலாம். வடகறி இல்லாமல் இட்லி சாப்பிடுகிறவர்களும் இருக்கத்தானே செய்கிறார்கள்.

விஷயம் என்னவென்றால், எழுத்துக்குக் குரல் கிடையாது, மூஞ்சி கிடையாது. வடிவேலு இரண்டையும் வாடகைக்குத் தருகிறார். அடி வாங்கியும் வலியைக் காட்டிக்கொள்ளாத மூஞ்சி, மாட்டிக்கொண்ட பிறகு சமாளிக்கிற மூஞ்சி, எதிராளி போய்விட்டான் என்று உறுதியான பிறகு எகிறுகிற மூஞ்சி. மேனேஜரிடம் திட்டு வாங்கியவன் அரைப்பக்கம் புலம்ப வேண்டிய இடத்தில் ஒரே படத்தில் முடித்துவிடுகிறான். அதுவும் அவருடைய பாத்திரங்கள் பெரும்பாலும் உதார் விட்டு உதை வாங்குகிறவை. மீம் போடுகிறவன் அந்த உதை வாங்குகிற இடத்தில் தன்னைத்தான் நிறுத்திக்கொள்கிறான். தன்னைத்தானே கலாய்த்துக்கொள்கிறவன் மேல் யாருக்கும் கோபம் வராது.

2019 மே 29 ஞாபகம் இருக்கிறதா? பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு சிவில் இன்ஜினியரிங் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர் போய்ப் பதில் சொன்னார்: இதன் பெயர் சுத்தியல், எதையாவது தட்டினால் டங் டங் என்று சத்தம் வரும், பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையை அவருடைய அண்ணன் மகன் ஜமீன் பங்களாவில் இதை வைத்துத்தான் உடைத்தான், பாவம். 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம் அது. இன்னொருவர் பதறிப்போன மாதிரி, இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். சாயங்காலத்துக்குள் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் உலக அளவில் ட்ரெண்டிங்.

அந்தப் பதிலில் சிரிப்புக்குறி ஒன்றுகூடக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். தகவல் கேட்டார்கள், தகவல் கொடுத்தார். எனக்கு அதுதான் பிடித்தது. அன்று ராத்திரி ஏரியா பையன்கள் 'காண்ட்ராக்டர் நேசமணி நலம் பெற வேண்டுகிறோம்' என்று கலரில் பிரிண்ட் எடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அதைப் பார்த்த ஒரு ஆயா, "யாரு பெத்த புள்ளையோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அண்ணே, தமாஷுக்குத்தான் போட்டேன். சண்டை ஆயிடுச்சு. ஏன்?

ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாரே, அதே காரணம்தான். இந்த வியாதி கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்த காலத்திலேயே வந்துவிட்டது.

1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆட்கள் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அறுந்து விழுகிற லிஃப்டுக்குள் ஒரு சொட்டு பாதரசம் இருந்தால் அது என்ன ஆகும் என்று விளையாட்டாக ஒரு விவாதம். அதில் ஒருவர், இயற்பியல் சோதனை ஒன்றால் லிஃப்டில் பாதரசம் கலந்துவிட்டது என்று எச்சரிக்கை அறிவிப்பு மாதிரி எழுதினார். முன்கதை படித்தவர்கள் சிரித்தார்கள். படிக்காமல் நடுவில் வந்தவர்கள் நிஜமென்று நம்பிவிட்டார்கள். அதற்கப்புறம், தமாஷ் என்றால் அதற்கு ஒரு அடையாளம் போடுவோம் என்று பேச்சு வந்தது. செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்பவர் :-) போடலாம் என்றார். தலையைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். தமாஷ் இல்லை என்பதற்கு :-( என்றும் சொன்னார். இன்று போனில் இருக்கும் மஞ்சள் மூஞ்சிகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அது. பாதரச எச்சரிக்கைதான் நம் குடும்ப குரூப் ஃபார்வேர்டுகளுக்கும் கொள்ளுத்தாத்தா என்பது என் கட்சி.

ஸ்மைலி வந்தும் வியாதி தீரவில்லை. 2005-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரைக் கிண்டலாகவும் நிஜமாகவும் வாக்கியங்கள் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியவர்கள், எதிராளி நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வான் என்று நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 தடவை சரியாகச் சொன்னார்கள். மெயிலில் படித்தவர்களுக்குக் கிடைத்தது 56. பூவா தலையா போட்டாலே 50 வந்திருக்கும். எழுதுகிறவனுக்குத் தன் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் எழுத்தோடு சேர்ந்து போகிறது என்று நினைத்துக்கொள்கிறான்.

இப்போது நம் தெருவுக்கு வா. இங்கே ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்டு வெளியே வந்தால் முனை திரும்புவதற்குள் நாலு பேர் ஓட்டிவிடுவார்கள். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி, டெபாசிட் வருமா என்று. ஆனால் யார் வீட்டில் அப்பா குடிக்கிறார், யார் அக்கா கல்யாணம் நின்றுபோனது என்பது அந்த நாலு பேருக்கும் தெரியும். அங்கே யாரும் கை வைக்க மாட்டான். வைத்தால் மறுநாள் காலையில் மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது குடத்தோடு அவன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மூஞ்சியில் முழிக்க வேண்டும். நாங்கள் கலாய்ப்பதை இவ்வளவு நாள் பிழைக்க வைத்தது அந்த லாரிதான். இன்ஸ்டாகிராமில் லாரி வராது.

நீ செய்தது என்ன? கட்டுப்போட்ட கையோடு நின்ற நண்பனைப் படமெடுத்து, அறுபது பேர் இருக்கிற காலேஜ் குரூப்பில் போட்டாய். எதிரில் நின்று சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். குரூப்பில் அவன் அத்தை மகளும் இருந்தாள். அதனால்தான் சட்டையைப் பிடித்தான். இனிமேல் போடுவதற்கு முன்னால் அவனுக்கே அனுப்பிவிடு. அவன் திரும்ப ஒரு கெட்ட வார்த்தை அனுப்பினால் போடலாம். ஒன்றுமே அனுப்பாமல் இருந்தால் போடாதே.

தமிழை ஏன் ஆங்கில எழுத்தில் தட்டுகிறீர்கள் என்று வாத்தியார் திட்டுகிறார். தப்பா?

தப்பென்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதை ஏரியாவுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். 2004-இல் தமிழ் என்றால் பத்திரிகைக்கொரு எழுத்துரு. அது கம்ப்யூட்டரில் இல்லையென்றால் திரையில் எழுத்தைத் தவிர எல்லாம் தெரியும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை அப்போதே இருந்தது, ஆனால் கடைக்கு வந்து சேரவில்லை. அழகி, எ-கலப்பை என்று தமிழில் தட்ட உதவும் மென்பொருள்களை இறக்கிப் போட்டுவைத்தேன். அதைக் கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் சேர்த்து மீட்டர் ஓடும் என்பதால் யாரும் தொடவில்லை. வந்தார்கள், ஆங்கில எழுத்தில் தட்டினார்கள், போனார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் சொந்தக்கார குரூப்பில் மாமா ஒருவர், தாத்தாவைப் பார்த்துக்கொள்ள யார் யார் எப்போது இருந்தார்கள் என்ற விவாதத்துக்கு நடுவில், "தாத்தா ஆஸ்பத்திரியில நாலு நாள் தனியாவே இருந்துட்டார்" என்று ஆங்கில எழுத்தில் தட்டப் போனார். 'யு' விழ வேண்டிய இடத்தில் 'ஏ' விழுந்துவிட்டது. நாலு நாளையும் தனியையும் யாரும் படிக்கவில்லை. கடைசிச் சொல்லை மட்டும் படித்தார்கள். பத்து நிமிஷத்தில் இருபது ஆழ்ந்த இரங்கல், மூன்று மாலை படம், செங்கல்பட்டிலிருந்து ஒரு கார். தாத்தா போனை வாங்கித் தானே பார்த்துவிட்டு, யார் யார் இரங்கல் போடவில்லை என்றுதான் கணக்கெடுத்தார்.

இன்று எல்லா போனிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. செத்தாரா இருக்கிறாரா என்பது ஒரு எழுத்தில் தொங்குகிற மொழியைத் தமிழிலேயே எழுதிவிடுவது நல்லது.

கீக் என்றால் படிப்ஸா?

இல்லை. படிப்ஸ் மார்க்குக்காகப் படிக்கிறவன். கீக் யாரும் கேட்காததைத் தானாகத் தோண்டுகிறவன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இந்தச் சொல், திருவிழாக் கூடாரத்தில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டுகிறவனைக் குறித்ததாம். அங்கிருந்து கம்ப்யூட்டர் ஆட்களுக்கு வந்து சேர்ந்தது. நம்மூரில் 'பைத்தியம்' என்று பின்னால் சேர்த்தால் சரியாக வரும். கேரம் பைத்தியம், புறா பைத்தியம்.

எங்கள் பகுதியில் மொட்டை மாடிக்கு மாடி புறாக்கூண்டு. காசிமேட்டுப் பக்கம் ஒரு மாமா வைத்திருக்கிறார். எந்த ஹோமர் புறா எந்த ஜோடிக்குப் பிறந்தது, எப்போது சிறகு உதிர்த்தது, எந்த ஊரில் திறந்துவிட்டு எத்தனை மணிக்கு வீடு வந்தது என்று நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கர்ணம் அடிக்கிற புறாக்களுக்குத் தனி நோட்டு. சொந்தப் பிள்ளைகளின் பிறந்த தேதியை மாமியிடம் கேட்டுத்தான் சொல்வார். வருஷத்துக்கு ஒரு முறை நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வார். பேக்கப். இதற்குமேல் கீக் என்று யாரைச் சொல்வது?

புறாவை வைத்து இன்டர்நெட் ஓட்டினார்கள் என்று சொன்னாயே, உருட்டா?

கேட்டவர் மேற்படி புறா மாமாதான். சத்தியமாக உருட்டு இல்லை, மாமா. ஆனால் தமாஷாக ஆரம்பித்தது.

இன்டர்நெட் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கான விதிகளை ஆர்எஃப்சி என்ற வரிசை எண் போட்ட ஆவணங்களாக 1969-இலிருந்து எழுதி வருகிறார்கள். பரம சீரியஸான சமாச்சாரம். அதில் சில ஏப்ரல் 1 அன்று மட்டும் வரும். 1990 ஏப்ரல் 1-இல் வந்தது 1149-ஆம் எண், டேவிட் வைட்ஸ்மன் எழுதியது. தகவலைச் சின்னத் தாளில் அச்சடித்து, சுருட்டி, புறாவின் காலில் டேப் போட்டு ஒட்டி அனுப்பும் முறை பற்றியது. மற்ற விதிகள் எந்த நடையில் எழுதப்படுமோ அதே நடை. நேசமணி பதில் மாதிரியேதான், முகத்தில் சிரிப்பே கிடையாது.

பதினோரு வருஷம் கழித்து, 2001 ஏப்ரலில், நார்வே நாட்டின் பெர்கன் நகரத்து லினக்ஸ் மென்பொருள் பிரியர்கள் சிலர் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரம். ஒன்பது தகவல் அனுப்பினார்கள், நாலுக்குப் பதில் வந்தது. அனுப்பிப் பதில் வர எடுத்துக்கொண்ட நேரம், குறைந்தது 53 நிமிஷம், அதிகபட்சம் 106 நிமிஷம்.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அஞ்சு கிலோமீட்டருக்கு ஒண்ணே முக்கா மணி நேரமா? அதுவும் ஒன்பதுக்கு நாலு? அது புறா இல்ல நைனா, கோழி" என்றார். போக வர, அச்சடிக்க, பிரித்துப் படிக்க எல்லாம் சேர்த்துத்தான் அந்த நேரம் என்று எடுத்துச் சொன்னேன். ஏற்கவில்லை.

2009-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சொன்னபிறகுதான் சமாதானமானார். அங்கே நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறதென்று கடுப்பான ஒரு நிறுவனத்தார், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி மெமரி கார்டைக் கட்டிவிட்டார்கள். ஏறக்குறைய 80 கிலோமீட்டரை அது 1 மணி 8 நிமிஷத்தில் பறந்தது. கார்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதையும் சேர்த்து இரண்டு மணி சொச்சம். அதற்குள் பிராட்பேண்டில் போயிருந்தது 4 சதவீதம். மாமா அந்தப் புறாவின் படத்தைக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். காசு வாங்கவில்லை.

கம்ப்யூட்டர் "நான் டீ கெட்டில்" என்று சொல்லுமாமே?

சொல்லும். 418 என்ற பிழை எண். 1998 ஏப்ரல் 1-இல் வந்த காபி பாத்திரத்துக்கான விதியில் இருக்கிறது. டீ கெட்டிலிடம் போய்க் காபி போடு என்றால் அது இப்படித்தான் மறுக்க வேண்டும். 2017-இல் இதை மென்பொருள்களிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது புரோகிராமர்கள் கூடிச் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள். நம் முனை டீக்கடையில் காபி கேட்டுப் பாருங்கள், அதே பதிலை இன்னும் காரமாகச் சொல்வார்.

திருநள்ளாறுக்கு மேலே சாட்டிலைட் மூன்று விநாடி நின்று போகிறதாமே? நாசாவே சொல்லிவிட்டதாமே?

இல்லை, ஆயா. பூமியை நெருங்கிச் சுற்றுகிற சாட்டிலைட் ஒரு விநாடிக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர் போகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் தண்டையார்பேட்டையிலிருந்து பாரிஸ் கார்னர் தாண்டிவிடும். நின்றால் அதோடு கீழே விழ ஆரம்பிக்கும். நாசா அப்படி எதுவும் சொல்லவும் இல்லை. நம் தேசிய கீதத்துக்கு யுனெஸ்கோ முதல் பரிசு கொடுத்ததும் இதே வகைதான், கொடுக்கவில்லை. சாமி கும்பிட இதெல்லாம் வேண்டுமா என்ன? நீங்கள் போய்விட்டு வாருங்கள், பிரசாதம் கொண்டுவாருங்கள்.

அனுப்புகிறவர்கள் பொய் சொல்லவேண்டும் என்று அனுப்புவதில்லை. காலையில் பால் வாங்கும்போது "சாப்ட்டியா" என்று கேட்பதற்குப் பதிலாக ஒன்றை அனுப்புகிறார்கள். அதனால் குரூப்பில் எல்லார் முன்னாலும் "இது ஃபேக்" என்று போட்டு அவர்கள் மானத்தை வாங்காதீர்கள். தனியாகச் சொல்லுங்கள். 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாமல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. எங்கள் சித்தி ஐந்து ஐந்தாக அனுப்புகிறார். பொறுமைசாலி.

மாமா, உங்களை ஏன் பூமர் என்கிறார்கள்?

1946-இலிருந்து 1964-க்குள் பிறந்தவர்களுக்கு அமெரிக்காவில் வைத்த பெயர் அது. 2019 வாக்கில் வசவாகிப் பரவியது. நான் பிறந்தது 1983. எங்களுக்கு பூமர் என்றால் மென்று முட்டை விடுகிற பபிள்கம். கணக்குப்படி நான் வரமாட்டேன் என்று பையன்களுக்கு வருஷ வாரியாக விளக்கினேன். இப்படி விளக்குவதற்குப் பெயர்தான் பூமர் என்றார்கள்.

பிரவுசிங் சென்டர் காலம்தான் நன்றாக இருந்தது, இல்லையா?

ஓரளவுக்கு. யாஹூ சாட் அறைக்குள் போனதும் வயது, பாலினம், ஊர் மூன்றையும் கேட்பார்கள். தண்டையார்பேட்டை என்று ஒருத்தனும் சொன்னதில்லை. லண்டன், கலிபோர்னியா, குறைந்தபட்சம் அண்ணா நகர். ஒரு நாள் மூன்றாம் கேபினில் இருந்தவன் 'பிரியா' என்ற பெண்ணோடு ஒன்றரை மணி நேரம் உருகினான். ஐந்தாம் கேபினில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் மீட்டர் ஓடியதால் நான் தலையிடவில்லை. விஷயம் வெளியே வந்த அன்று அடிதடி. மறு வாரம் இரண்டு பேரும் ஒரே கேபினில் உட்கார்ந்து மூன்றாவது ஆளை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். பொய் மூஞ்சி போட்டுக்கொண்டாலும் எழுந்து திரும்பினால் நிஜ மூஞ்சி பக்கத்திலேயே இருந்தது. அது ஒன்றைத்தான் இப்போது தேடுகிறேன்.

ஆர்குட் வலைத்தளத்தை 2014 செப்டம்பர் 30-இல் மூடினார்கள். யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் போனது. கேபின் பலகைகளை நான் செருப்பு ஸ்டாண்டாக மாற்றிவிட்டேன்.

வட சென்னை மீம் பார்த்தால் சிரிப்பு வருமா, கோபம் வருமா?

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் தம்பி கேட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் இவன் வாயைத் திறக்கும் முன்னாலேயே யாராவது "இன்னா நைனா" என்று ஆரம்பிக்கிறார்களாம். கையில் அரிவாள், பின்னால் படகு, பழுப்பு நிறத்தில் ஒரு தெரு. இதுதான் நாம்.

தம்பி, நல்ல மீம் என்றால் சிரித்துவிட்டுப் போ. ராயபுரத்தான் ராயபுரத்தானைக் கலாய்த்தால் அதில் சரக்கு இருக்கும், ஏனென்றால் அவனுக்கு விவரம் தெரியும். வெளியாள் செய்வது பெரும்பாலும் 'கீது'வை வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுவதுதான். அது கலாய்ப்பதே இல்லை, மொக்கை. அவர்கள் சிரிக்கிற பாஷைக்கு என்ன வம்சம் தெரியுமா? நாஷ்டாவும் பேஜாரும் உருதுவிலிருந்து வந்தவை. நைனா, டப்பு தெலுங்கு. துட்டு டச்சுக்காரன் நாணயத்தின் பெயர். கஸ்மாலம் சமஸ்கிருதம், பகவத் கீதையில் கிருஷ்ணர் அர்ஜுனனிடம் சொல்கிற வார்த்தை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் இப்படித்தான். உதார், பீலா என்று இன்று கோயம்புத்தூர் பெண்ணும் மதுரைப் பையனும் மீமில் எழுதுகிறார்களே, நம் சரக்குதான். வாடகை கேட்டோமா?

அடுத்த தடவை "இன்னா நைனா" என்றால், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது என்று சொல். ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாரே, அவரும் இந்தப் பக்கம்தான் என்று சொல். நம்பவில்லையென்றால் ஒரு போர்டு கேரம் ஆடக் கூப்பிடு. தோற்றால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. என்ன அர்த்தம்?

படித்தார்கள் என்று அர்த்தம்.

மனசு நோகாமல் குரூப்பிலிருந்து எப்படி வெளியே வருவது?

முன்பெல்லாம் வெளியேறினால் எல்லாருக்கும் தெரியும். கல்யாண மண்டபத்தில் பந்தி நடுவில் இலையை மூடிவிட்டு எழுந்த மாதிரி ஆகிவிடும். 2022-இலிருந்து அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். உங்கள் குரூப்பில் அட்மின் உங்கள் நாத்தனார் என்பதால், அக்கா, பேசாமல் மியூட் போடுங்கள்.

எங்கள் பிளாட் குரூப்பில் 140 பேர். பேசுவது நாலு பேர். மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

படிக்கிறார்கள். ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006-இல் ஒரு கணக்கு சொன்னார். ஆன்லைனில் கூடுகிற இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒருத்தர்தான் ஓயாமல் பேசுவார். எங்கள் குரூப்புக்கும் அது அப்படியே பொருந்தும். அந்த ஒருத்தர் நான் இல்லை.

பேசாதவர்களைக் கணக்கில் வைக்காமல் இருந்தேன், 2023 டிசம்பர் வரை. மிக்ஜாம் புயல். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு என்று தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, சிக்னல் விட்டு விட்டு வந்தது. அந்த நேரத்தில் குரூப்பில் முதலில் வந்த செய்தி, அதுவரை ஒரு குட் மார்னிங்கூடப் போடாத மூன்றாம் மாடி அக்காவுடையது. "எங்க வீட்ல கேஸ் இருக்கு, பால் பவுடர் இருக்கு. குழந்தை இருக்கறவங்க மேல வாங்க." அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். யாரிடம் பவர் பேங்க் இருக்கிறது, எந்த முனை வரை தண்ணீர் முழங்கால், யாருக்கு சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாலு நாள் ஒரு மீம் இல்லை, ஒரு ஃபார்வேர்டு இல்லை. சித்திகூட எதுவும் அனுப்பவில்லை.

என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஜெராக்ஸ் மெஷின் போய்விட்டது. ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் போனில் தனியாக ஒரு செய்தி வந்தது. நண்பனின் கட்டுப்போட்ட கையைப் போட்டு அடி வாங்கினானே, அந்தப் பையன். அனுப்பியது ஒரு படம்: தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் என் மெஷின், பக்கத்தில் டோனர் பவுடர் கலந்து கறுப்பாக ஓடுகிறது. மேலே இரண்டே வார்த்தை: பவுடர் ஜாஸ்தி. கீழே, "குரூப்ல போடலாமாண்ணே? வேணாம்னா அழிச்சிடறேன்" என்று கேட்டிருந்தான்.

அவனுக்கு ஒரு கெட்ட வார்த்தை அனுப்பினேன். போட்டான். 140 பேரில் யார் யார் சிரித்தார்கள் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் மாடி அக்காவும் இருந்தார்.

அண்ணா, ஜெராக்ஸ் எவ்வளவு?

உண்மையில் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி இது ஒன்றுதான். ஒரு பக்கம் இரண்டு ரூபாய், கலர் பத்து. ஆதார் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்து மங்கலாக வந்தால் மட்டும் என்னைத் திட்டாதீர்கள். புது மெஷினில் பவுடர் கம்மி.